உருவங்களின் கதை – 9: முள்ளெலிக்கு முன்பக்கம் உண்டா?

கடலே இல்லாத ஊரில் கடல் முள்ளெலிக்கு என்ன வேலை? சுவிட்சர்லாந்தின் மேற்கே, ஜூரா மலையடிவாரத்தில், ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது நொஷாட்டல். அதன் பழைய வீதிகளில் பல வீடுகள் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லால் கட்டியவை. பக்கத்திலுள்ள ஓத்ரீவில் வெட்டியெடுத்த அந்தக் கல், ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதற்கும் கீழே நீலம் பாரித்த களிக்கல் அடுக்கு ஒன்று உண்டு. முள்ளெலிகள் கிடப்பது அதில்தான்.

1832-ல் லூயி அகாசி இங்கே இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக வந்தபோது அவருக்கு வயது 25. அகாசி என்றால் பனியுகமும் புதைபடிவ மீன்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நொஷாட்டலில் இருந்த 14 ஆண்டுகளில் முள்ளெலிகள்மீது அவர் கொட்டிய உழைப்பை யாரும் அதிகம் பேசுவதில்லை. வகைப்பாட்டின் கதைக்கு என்னவோ அதுதான் முக்கியம் என்பேன்.

அகாசியின் ஆதர்சம் பாரிஸின் ஜார்ஜ் குவியே. விலங்குலகம் மொத்தத்தையும் நான்கே உடலமைப்புகளில் அடக்கியவர் அவர்: முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கணுவுடலிகள், ஆரவுடலிகள். சிக்கல் கடைசிப் பிரிவில். நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றிச் சம பாகங்கள் என்பது ஆரவுடலியின் இலக்கணம். நட்சத்திர மீன், முள்ளெலி, ஜெல்லி மீன், பவளம் எல்லாம் அதற்குள் வந்தன. குடற்புழுக்களையும் நுண்ணுயிர்களையும்கூட குவியே அங்கேயே தள்ளிவிட்டார். வேறெங்கும் பட்டா கிடைக்காத உயிர்களுக்கெல்லாம் அது புறம்போக்கு நிலம்.

நொஷாட்டல் களிக்கல்லில் கிடைக்கும் முள்ளெலி ஒன்றை எடுத்துப் பார்ப்போம். டாக்ஸாஸ்டர் என்ற பேரினப் பெயர் அகாசி வைத்தது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்கும். முட்களெல்லாம் உதிர்ந்துபோய் ஓடு மட்டும் மிச்சம்; மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். உச்சியிலிருந்து ஐந்து இதழ்கள் விரிகின்றன. இதழ் என்பது குழாய்க்கால்கள் வெளியே வந்த துளைகளின் வரிசை. குவியேயின் இலக்கணப்படி ஐந்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் பள்ளத்தில் இறங்கி ஓட்டின் விளிம்பைக் குழிக்கிறது. மற்ற நான்கும் இரண்டு ஜோடிகளாகப் பிரிந்து நிற்கின்றன. கவிழ்த்துப் பார்த்தால் வாய் நடுவில் இல்லை, பள்ளம் உள்ள பக்கமாக நகர்ந்திருக்கிறது. மலத்துளை எதிர்முனையில். ஆக, இதற்கு முன், பின், இடம், வலம் நான்கும் உண்டு. கடலடி மண்ணுக்குள் ஒரே திசையில் துளைத்துப் போகிற பிழைப்புக்கு ஏற்ற உடம்பு.

நம் மண்டபம் கரையில் காணும் உருண்டை முள்ளெலிக்கு வாய் அடியில் நடுவே, மலத்துளை உச்சியில். அப்பழுக்கில்லாத வட்டம் என்று தோன்றும். ஆனால் உச்சியைச் சுற்றியுள்ள தட்டுகளில் ஒன்று மட்டும் பொடித்துளைகள் நிறைந்த சல்லடைத்தட்டு. அந்த ஒரு தட்டே வட்டத்தின் சமச்சீரைக் குலைத்துவிடுகிறது. முள்ளெலியும் நட்சத்திர மீனும் அடங்கிய முட்தோலிகளின் ஆரச் சமச்சீருக்குள் இருபக்கச் சமச்சீர் ஒளிந்திருக்கிறது என்று 1830-களிலேயே அகாசி எழுதினார்.

பல ஊர் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடந்த படிவங்களை ஒரே மேசையில் ஒப்பிட அவர் கண்ட வழி, சாந்து வார்ப்பு. நொஷாட்டல் அருங்காட்சியகத்தின் முட்தோலி வார்ப்புகளுக்கென்றே 1840-ல் தனிப் பட்டியல் வெளியிட்டார். பிறகு உதவியாளர் எதுவார் தெசோருடன் சேர்ந்து முட்தோலி வகுப்புக்கே பெரும் பட்டியல் ஒன்று போட்டார்.

இவ்வளவும் தெரிந்தவர் ஆரவுடலிப் பிரிவை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. நான்கு உடலமைப்புகளும் படைத்தவனின் எண்ணங்கள் என்பது அவருடைய உறுதி. எண்ணத்தில் விரிசல் இருக்க முடியாதே! 1846-ல் அமெரிக்கா போனார். 1857-ல் வெளியான வகைப்பாடு பற்றிய நூலிலும் அதே நான்கு. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் ருடால்ஃப் லியூகார்ட் ஜெல்லி மீன், பவளக் கூட்டத்தை முட்தோலிகளிடமிருந்து பிரித்துவிட்டிருந்தார். முள்ளெலியின் மிதக்கும் இளம் உயிரி இருபக்கச் சமச்சீர் உள்ளது என்று யோஹான்னஸ் முல்லர் காட்டியதும் அந்தக் காலத்தில்தான். முட்தோலிகள் இளம் பருவத்தில் இருபக்கச் சமச்சீர், வளர்ந்தபின் ஆரச் சமச்சீர் என்று பதினோராம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த வரி இங்கிருந்து வருகிறது. இன்றைய வகைப்பாட்டில் முள்ளெலி நத்தையைவிட நமக்கு நெருங்கிய உறவு: கருவில் முதலில் தோன்றும் துளை முள்ளெலிக்கும் நமக்கும் வாயாவதில்லை.

உறுதி அகாசியை வேறு இடத்துக்கும் கொண்டுபோனது. அமெரிக்காவில் மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று வாதாடினார்; அடிமை முறையின் ஆதரவாளர்களுக்கு அது இனித்தது. நொஷாட்டல் பல்கலைக்கழகத்தின் கலைப்புல வளாகத்துக்கு இருந்த அவர் பெயரை நகரம் 2019-ல் நீக்கியது. கேமரூனில் பிறந்து, 1971-ல் சுவிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான டிலோ ஃப்ரே பெயரை இப்போது அந்த இடம் தாங்கியிருக்கிறது.

முள்ளெலிகள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 1835-ல் நொஷாட்டலில் பிறந்த மகன் அலெக்சாண்டர், 1864-ல் நட்சத்திர மீனின் கருவளர்ச்சியை வெளியிட்டார். 1872 முதல் 1874 வரை முள்ளெலிகள் அனைத்தையும் திருத்தி வகைப்படுத்தினார். மகன் பார்த்த இளம் உயிரிகளில் இடமும் வலமும் தெளிவாகவே இருந்தன. தந்தை 1873-ல் இறக்கும்வரை நான்கு உடலமைப்புகளை விடவில்லை.

அடுத்த வாரம், புறம்போக்கு நிலத்தின் மறுபாதி: ஜெல்லி மீன்களும் பவளங்களும்.

(தொடரும்)