குறுகிய வலை ஏன் உயிருக்குப் போதவில்லை?

சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு ஊர்கள். பக்கம் 1 அலகு. மூன்று பக்கங்களில் சாலை போட்டால் நீளம் 3. இரு மூலைவிட்டங்களையும் போட்டால் 2.83. ஊரே இல்லாத இரண்டு இடங்களில் சந்திகளை வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று சாலைகள் 120 பாகையில் கூடச் செய்தால் 2.73, அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஸ்டைனர் மரம் எனப்படும் இந்த வலையைத்தான் உயிரினங்களின் குழாய்களுக்கும் கிளைகளுக்கும் மாதிரியாக வைத்துப் பார்க்கிறார்கள். என் கருத்தில், அது உயிரின் வரைபடமல்ல, அளவுகோல்தான். அளவுகோலோடு பொருந்தாத இடங்களில்தான் நமக்குச் செய்தி கிடைக்கிறது.

ஃபைசாரம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சையைப் பாருங்கள். (பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் அது ஒற்றைச் செல் உயிரி.) டோக்கியோவைச் சுற்றியுள்ள 36 ஊர்களின் இடங்களில் அதற்கு உணவு வைத்த ஜப்பானிய ஆய்வு 2010இல் வெளியானது. முதலில் தட்டு முழுக்கப் பரவிய உயிரி, பிறகு சில குழாய்களை மட்டும் விட்டுவைத்தது. சாறு அதிகம் ஓடும் குழாய் தடிக்கும், ஓட்டம் குறைந்தது மெலிந்து மறையும். மூளையில்லாத உயிரி கணக்குப் போடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஆனால் மிஞ்சிய வலை மிகக் குறுகியதல்ல. ஊருக்கு ஊர் நேராக இணைக்கும் மிகச் சிறிய மரத்தைப்போல் அது சுமார் 1.75 மடங்கு நீளம். அந்த உபரியில்தான் மாற்றுவழிகள் இருக்கின்றன: ஒரு குழாய் அறுந்தாலும் உணவு சுற்றிப் போய்ச் சேரும். மரத்தில் ஒரு கிளை அறுந்தால் அப்பால் உள்ளதெல்லாம் பட்டினி.

பொருந்தாததற்கெல்லாம் ஒரு காரணம் கற்பித்துவிடலாமே, இது என்ன அறிவியல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் செலவு எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் விடையும் எண்ணாக வந்துவிடும். நீளம் மட்டுமே செலவானால் எல்லாக் கோணமும் 120 பாகை. ரத்தக் குழாய்க்கு அது போதாது. ரத்தத்தைப் பராமரிக்கவும் செலவு, அதைத் தள்ளவும் செலவு. இரண்டையும் சேர்த்து 1926இல் மரே என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். தாய்க்குழாயின் ஆரத்தின் கனம், கிளைகளுடைய ஆரங்களின் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று வந்தது. சமமான இரு கிளைகளுக்கு இடையே சுமார் 75 பாகை இருக்க வேண்டும். தடித்த தாய்க்குழாயை நீட்டுவது அதிகச் செலவு, கிளைகளோ மெல்லியவை என்பதால் சந்தி முன்னே தள்ளப்படுவதில்லை, பின்வாங்கி நிற்கிறது. நுண்கிளைகளில் இந்த விதி ஓரளவு பொருந்துகிறது. துடிப்பு வலுவாக உள்ள பெருந்தமனிகளில் தவறுகிறது. தவற இடமிருப்பதாலேயே அதைச் சோதிக்க முடிகிறது.