அட்டபந்தனம்

அட்டபந்தனம் (அஷ்டபந்தனம்) என்பது கோயில் கருவறையில் உள்ள கற்சிலையையும் அது நிற்கும் பீடத்தையும் இணைத்து, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நீர் புகாதவாறு அடைக்கப் பயன்படும் மரபுவழி ஒட்டுப்பொருள் ஆகும். "அட்ட" என்பது எட்டு, "பந்தனம்" என்பது கட்டு அல்லது பிணைப்பு. எட்டுப் பொருட்களைச் சேர்த்து இடித்துச் செய்யப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. பேச்சு வழக்கில் இதனை "மருந்து" என்றும், பூசும் செயலை "மருந்து சாத்துதல்" என்றும் கூறுவர். குடமுழுக்கின்போது பழைய பந்தனத்தை நீக்கிப் புதியது சாத்துவது தமிழகக் கோயில்களின் வழக்கம். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. அதற்கு முந்தையது 2002 இல் நடந்தது.

பயன்பாட்டின் தன்மை

அட்டபந்தனம் இல்லாவிட்டால் சிலை விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. சிவலிங்கத்தின் தண்டு மூன்று பகுதிகளைக் கொண்டது. அடியில் உள்ள சதுரப் பகுதி பிரம பாகம், நடுவில் உள்ள எண்பட்டைப் பகுதி விட்டுணு பாகம், மேலே வெளியில் தெரியும் உருளைப் பகுதி உருத்திர பாகம் எனப்படும். முதல் இரண்டும் ஆவுடையாரின் துளைக்குள்ளும் அதன் கீழும் இறங்கி நிற்பவை. ஆகவே, லிங்கத்தைத் தாங்குவது அதன் எடையும் கல்லின் பொருத்தமுமே. ஒட்டுப்பொருளின் வேலை வேறு. லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் இடையே எஞ்சும் வளைய வடிவ இடைவெளி வழியாக நீர் இறங்காமல் தடுப்பதும், கற்கள் சிறிதளவும் அசையாமல் பிடித்துக்கொள்வதுமே அதன் பணி.

பீடத்தின் அடியில் உள்ள குழியில் இயந்திரத் தகடும் மணிகளும் வைக்கப்படுவது மரபு. நாள்தோறும் பல முறை ஊற்றப்படும் நீரும் பாலும் இக்குழிக்குள் இறங்கினால், அவை வெளியேற வழியின்றித் தேங்கிக் கெடும். உலோகத் தகடு அரிக்கப்படும், துர்நாற்றம் உண்டாகும், எறும்பும் பூச்சியும் சேரும். சமய நோக்கிலோ, பந்தனம் தளர்ந்து சிலை அசைவது பெருங்குறையாகக் கருதப்படுகிறது. வாகனக் கொட்டிலின் வாசற்படியில் மழைநீர் புகாமல் ஒட்டப்படும் இரப்பர்ப் பட்டையும், குளியலறைத் தொட்டியின் ஓரத்தில் பூசப்படும் சிலிக்கோனும் செய்வது ஏறத்தாழ இதே வேலையைத்தான். இத்தகைய இடங்களுக்கு மிக வலுவான பசையைவிட, சற்று நெகிழ்ந்து கொடுக்கும் பசையே ஏற்றது.

எட்டுப் பொருட்கள்

தமிழகத்தில் பரவலாக வழங்கும் முறைப்படி கொம்பரக்கு, சுக்கான் கல் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவை அந்த எட்டுப் பொருட்கள். பெரும்பாலானவை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பவை. "மருந்து" என்ற பெயருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவற்றுள் முதன்மையானது கொம்பரக்கு. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் சிறு கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் இது. கிளையோடு சேர்த்து ஒடித்து எடுக்கப்படுவதால் கொம்பரக்கு எனப்படுகிறது. இந்தியாவில் சார்க்கண்டு மாநிலம் இதன் உற்பத்தியில் முன்னணியில் உள்ளது. அரக்கு சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும். நீரில் கரையாது. கல், உலோகம், மரம் என எல்லாவற்றிலும் நன்கு பற்றும். பொற்கொல்லர் நகையின் உட்குழிவை நிரப்பவும், வேலை செய்யும்போது நகையை அசையாமல் பிடிக்கவும் அரக்கைப் பயன்படுத்துவது இப்பண்பினால்தான்.

குங்கிலியம் மரத்திலிருந்து வடியும் பிசின். சால மரத்திலிருந்து கிடைப்பதே பொதுவாகக் குங்கிலியம் எனப்படும். மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களிலிருந்து கிடைக்கும் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் வேறு வகைகள். இது ஒட்டும் திறனைக் கூட்டுகிறது. ஆனால் தனியே பயன்படுத்தினால் கண்ணாடி போல் நொறுங்கும். அதனை ஈடுசெய்வன தேன்மெழுகும் வெண்ணெயும். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். பசும்பாலைவிட எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. இவ்விரண்டும் கலவையை நெகிழச் செய்து, இடுக்குகளில் அழுத்தி நிரப்ப ஏற்றதாக்குகின்றன.

சுக்கான் கல் தூளும் கற்காவியும் நிரப்பிகள். முன்னது சுண்ணாம்புக் கல், பின்னது இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண் கல். பிசின் ஆறும்போது சுருங்குவதை இவை குறைக்கின்றன. பஞ்சு இழைகள் கலவைக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி விரிசல் பரவாமல் தடுக்கின்றன. சுவர்ச் சாந்தில் வைக்கோல் சேர்ப்பதும் இன்றைய கண்ணாடியிழைப் பொருட்களும் இதே கோட்பாட்டைப் பின்பற்றுவன. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். செந்நிறம் தருவதோடு பூச்சிகளையும் பூசணத்தையும் தடுக்கும் என்ற நம்பிக்கையும் உள்ளது.

கேரளத்தில் பட்டியல் பெரிதும் மாறுகிறது. அங்கு அரக்கு, பஞ்சு, ஒரு வகைப் பிசின் ஆகியவற்றோடு சங்குத் தூள், கடுக்காய், நெல்லிக்காய், ஆற்று மணல், பொடிக்கற்கள் ஆகியவற்றைச் சேர்ப்பர். கடுக்காயும் நெல்லிக்காயும் துவர்ப்புச் சத்து மிகுந்தவை. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், அந்தந்த நிலத்தில் கிடைக்கும் பொருளுக்கேற்பக் கலவை மாறியிருப்பதை இது காட்டுகிறது. ஐரோப்பாவிலும் உடைந்த பளிங்குச் சிற்பங்களை ஒட்டத் தேன்மெழுகு, மரப்பிசின், பளிங்குத் தூள் ஆகியவற்றின் கலவை நெடுங்காலம் பயன்பட்டது.

செய்முறை

அரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவி ஆகியவற்றைத் தனித்தனியே இடித்துச் சலித்துக்கொள்வர். பின்னர் மெழுகையும் பஞ்சையும் சேர்த்துக் கல் உரலில் இட்டுச் சம்மட்டியால் அல்லது கனத்த உலக்கையால் இடிப்பர். வெண்ணெய் சிறிது சிறிதாகச் சேர்க்கப்படும். இடிக்கும்போது உண்டாகும் சூட்டினாலேயே கலவை இளகி ஒன்றாகிறது. இடிப்பதை நிறுத்தினால் இறுகத் தொடங்கும் என்பதால் ஆட்கள் முறைமாற்றி இடைவிடாமல் இடிக்க வேண்டும். பல கோயில்களில் அடியார்களும் இதில் பங்கேற்பது உண்டு. பதம் வந்த கலவை பிசைந்த மாவைப் போல் இருக்கும். அதனைக் கயிறு போல் திரித்து, சிலையைச் சுற்றியுள்ள இடைவெளியில் வைத்துக் கட்டைவிரலாலும் சிறு கருவிகளாலும் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பை வழவழப்பாக்குவர்.

இதற்கு முன் செய்ய வேண்டிய வேலையே கடினமானது. முதலில் பாலாலயம் அமைத்து, இறையாற்றலைக் குடத்துக்கோ மரப்பலகையில் எழுதிய படத்துக்கோ மாற்றுவர். பின்னரே பழைய பந்தனம் உளியால் பெயர்த்து எடுக்கப்படும். கருங்கல் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆதலால் பசை அதன் துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பது அரிது. பல்லாண்டு எண்ணெயும் நெய்யும் படிந்த கல்லின் மேல் எந்தப் பசையும் பற்றாது. ஓரங்களைக் கழுவி, நன்கு உலர்த்தி, தேவையானால் கொத்திச் சொரசொரப்பாக்கிய பின்னரே மருந்து சாத்த வேண்டும். விரைவில் பெயர்ந்துவிடும் பந்தனத்தில் கலவையைக் குறை சொல்வதற்கு முன், ஈரக்கல்லில் சாத்தப்பட்டதா என்று பார்ப்பது நன்று. ஈழத்துக் கோயில்களில் குடமுழுக்குக்கு முன் அடியார்கள் சிலைக்கு எண்ணெய்க் காப்புச் சாத்தும் வழக்கம் சிறப்பாக உள்ளது. அது பந்தனம் சாத்தப்பட்ட பின்னரே நிகழ வேண்டும் என்பதற்கும் இதே காரணம் பொருந்தும்.

பன்னிரண்டு ஆண்டுகள்

அட்டபந்தனத்தின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகள் என்பது மரபு. திருமலை வேங்கடவன் கோயிலிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது புதுப்பிக்கப்படுகிறது. அங்கு 2018 ஆகத்து மாதம் அட்டபந்தன மகா சம்புரோட்சணம் நடந்தது. எல்லாக் கோயில்களிலும் இக்கால அளவு தவறாமல் பின்பற்றப்படுவதில்லை. திருவண்ணாமலையில் இறுதி இரண்டு குடமுழுக்குகளுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

இக்கால வரையறைக்கு வேதியியல் காரணமும் உண்டு. அரக்கு நாள்பட நாள்பட மூலக்கூறுகள் தம்முள் பிணைந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. வெண்ணெய் காற்றுப்பட்டுச் சிதைகிறது. அபிடேக எண்ணெயும் நெய்யும் மெழுகை மெல்ல இளக்குகின்றன. எலுமிச்சைச் சாறு, தயிர் ஆகியவற்றின் அமிலம் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்புக் கல் துகள்களை அரிக்கிறது. இவற்றோடு வெப்ப வேறுபாடும் சேர்கிறது. ஒரு மீட்டர் அளவுள்ள கருங்கல், வெப்பநிலை 20 பாகை மாறும்போது ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். சிறிய அளவுதான். ஆயினும் இறுகி நொறுங்கும் நிலைக்கு வந்த பசையில் மயிரிழை விரிசல் உண்டாக இது போதும்.

திருவண்ணாமலை தீத்தலம் எனப்படுவது. இவ்வூர்க் கருவறையின் வெம்மையை அடியார் பலரும் குறிப்பிடுவர். மே மாதத்தில் ஊரின் வெப்பநிலையே 40 பாகையை எட்டுவதுண்டு. கலவையில் உள்ள மெழுகும் அரக்கும் 60 பாகைக்கு மேல்தான் இளகுவன என்பதால் கருவறைக்குள் ஆபத்தில்லை. ஆனால் வெண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் இளகுநிலை தாழும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்கள் போன்ற சிறு கோயில்களில் கருவறைச் சுவரும் கூரையும் சிறியவை. பகல் வெப்பம் அங்கு எளிதில் உட்புகும். அத்தகைய இடங்களுக்கு வெண்ணெய் சற்றுக் குறைந்த கலவையே பொருத்தமானது.

பிற பந்தனங்களும் புதிய பசைகளும்

ஏகபந்தனம், திரிபந்தனம், இரசத பந்தனம், சுவர்ண பந்தனம் என வேறு வகைகளும் கூறப்படுகின்றன. இரசத பந்தனத்தில் வெள்ளியும், சுவர்ண பந்தனத்தில் பொன்னும் இடைவெளியில் அடித்து நிரப்பப்படும். பொன் துருப்பிடிக்காது, அமிலமும் காரமும் அதனைத் தாக்கா, மென்மையானதால் கல்லின் மேடுபள்ளங்களில் நன்கு படியும். சுவர்ண பந்தனம் நூறாண்டு நிற்கும் என்பது மரபு. செலவு கருதி இது அரிதாகவே செய்யப்படுகிறது.

அவசரத்துக்குச் சிமெந்து பூசுவது சிறு கோயில்களில் காணப்படும் தவறு. சிமெந்து நெகிழாது, உலரும்போது சுருங்கி விரிசல் விடும், அதிலுள்ள உப்புகள் கல்லின் மேல் வெண்ணிறமாகப் பூக்கும். இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அரக்கு காரத்தில் கரையும் தன்மையுடையது. புதிய சிமெந்து வலுவான காரம். ஆகவே, பழைய பந்தனத்தின் மேல் சிமெந்து பூசினால் கீழே உள்ள பந்தனமும் கெடுகிறது. சுக்கான் கல் தூளுக்கு மாற்றாக நீர்த்த சுண்ணாம்பைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் தகாது. சலவைச் சோடாவும் சாராயம் கலந்த துப்புரவுத் திரவங்களும் பந்தனத்தின் அருகே பயன்படுத்தத் தக்கவையல்ல.

எப்பொக்சிப் பசை மிக வலுவானது. உடைந்த தூணையும் உத்தரத்தையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியுடன் சேர்த்து இணைக்க அது ஏற்றது. ஆனால் சிலையின் அடியில் அது இறுகிவிட்டால், அடுத்த முறை பிரிக்கும்போது பசை உடையாமல் கல்லே உடையக்கூடும். சிலிக்கோன் நெகிழ்வது, நீரைத் தடுப்பது. எனினும் அதன் எண்ணெய்ப் பகுதி கல்லில் ஊறிக் கறை உண்டாக்கக்கூடும். இவற்றோடு ஒப்பிட்டால், உளியால் பெயர்த்தெடுக்க முடிவதே அட்டபந்தனத்தின் சிறந்த பண்பு எனலாம்.

சாதிலிங்கம் பற்றிய எச்சரிக்கை

அறை வெப்பநிலையில் சாதிலிங்கம் நீரில் கரையாது, எளிதில் ஆவியாகாது. நேரடித் தீயில் காய்ச்சினால் பாதரச ஆவி வெளிப்படும். இது நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நஞ்சு. கலவையை அடுப்பில் வைத்து இளக்கும் குறுக்குவழி இதனால் ஆபத்தானது. சாதிலிங்கத்தைத் தூளாக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், வேலைக்குப் பின் கையைக் கழுவாமல் உண்ணாதிருப்பதும் வேண்டும். ஈயச் செந்தூரம் கலந்த போலிச் சாதிலிங்கமும் நஞ்சே. பெயர்த்தெடுத்த பழைய பந்தனத்தை "மருந்து" என்ற பெயரை நம்பி உட்கொள்வது கூடாது.

நவபாசாணத்தோடு குழப்பம்

அட்டபந்தனமும் நவபாசாணமும் ஒன்றெனச் சிலர் கருதுகின்றனர். நவபாசாணம் என்பது ஒன்பது பாசாணங்களைச் சேர்த்துச் செய்ததாகக் கூறப்படும் சிலைப்பொருள். பழனி தண்டாயுதபாணி சிலை போகரால் இவ்வாறு செய்யப்பட்டது என்பது மரபு. அட்டபந்தனத்தால் சிலை செய்யப்படுவதில்லை. அது சிலையையும் பீடத்தையும் சேர்க்கும் கட்டு மட்டுமே.