தட்டுப்பாடு பெயருக்குத்தான், பர்பனுக்கு இல்லை

அமெரிக்காவில் ஒரு மதுக்கடைக்குள் போய் "வெல்லர் இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை என்ற தலையாட்டல்தான் பெரும்பாலும் பதில். சில கடைகளில் இருக்கும். ஆனால் அலமாரியில் இருக்காது, கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். முப்பது டாலர் அளவில் விற்க வேண்டிய பாட்டிலுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைச்சீட்டு ஒட்டியிருப்பார்கள். பிளான்டன்ஸ், இ.எச். டெய்லர் என்று கேட்டாலும் இதே கதை. பாப்பி வான் விங்கிள் என்றால் சில நூறு டாலர் பாட்டில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போகிற நம்மவர்களில் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி மேல் ஆர்வம் வந்தவர்கள் முதலில் முட்டி நிற்பது இங்கேதான். அடுத்து வருவது, "எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார், எடுத்துத் தருவார்" என்ற பேச்சு. பணம் பறிபோவது அதற்குப் பிறகு.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன பெயர்கள் அத்தனையும் கென்டக்கியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் உள்ள பஃபலோ டிரேஸ் என்ற ஒரே வடிசாலையிலிருந்து வருபவை. தட்டுப்பாடு என்று ஊரே பேசுவதில் பெரும்பகுதி ஒரு வடிசாலையின் சில லேபிள்களைப் பற்றியதுதான். பர்பனுக்குப் பஞ்சமே இல்லை. 2025 தொடக்கத்தில் கென்டக்கியின் கிடங்குகளில் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பர்பன் பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. அந்த மாநிலத்தின் மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

அப்படியானால் பழைய சரக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? பன்னிரண்டு வயது பர்பனை இன்று விற்க வேண்டுமென்றால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே யாரோ ஒருவர் பீப்பாயில் நிரப்பி வைத்திருக்க வேண்டும். 1970களிலும் 80களிலும் அமெரிக்கர்கள் வோட்காவின் பக்கம் சாய்ந்தார்கள். பர்பன் வடிசாலைகள் உற்பத்தியைக் குறைத்தன, பல மூடப்பட்டன. கோதுமை சேர்த்த பர்பனுக்குப் பேர்போன ஸ்டிட்ஸல்-வெல்லர் வடிசாலை 1992இல் வடிப்பதை நிறுத்தியது. 2000க்குப் பிறகு மோகம் திடீரெனத் திரும்பியபோது, கிடங்கில் முதிர்ந்த சரக்கு போதுமான அளவு இல்லை. ஊறும் பீப்பாயிலிருந்து வருடாவருடம் ஒரு பங்கு ஆவியாகிக்கொண்டும் இருக்கும். முதுமையை அவசரப்படுத்த முடியாது.

அந்தச் சமயத்தில் நிறுவனங்கள் செய்த சில வேலைகளை வாங்குகிறவர்கள் மறக்கக் கூடாது. 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க், சரக்கை நீட்டிப்பதற்காகத் தன் பாட்டிலின் ஆல்கஹாலை 45 சதவீதத்திலிருந்து 42ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், ஒரு வாரம் கடந்ததுமே நிறுவனம் பின்வாங்கி, பழைய அளவிலேயே விற்பதாகச் சொன்னது. எலைஜா கிரெய்க் பாட்டிலில் இருந்த "12 வருடம்" 2016இல் போயிற்று. வெரி ஓல்ட் பார்டனில் நடந்தது இன்னும் மோசம். "6 வருடம்" என்பதில் "வருடம்" நீங்கியது, 6 மட்டும் கொஞ்ச காலம் லேபிளிலேயே நின்றது. பார்க்கிறவர் அதைப் பழைய ஆறு வயது என்றே நினைப்பார் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. என் பார்வையில் அது ஏமாற்றுக்கு ஒரு படி கீழே நிற்கிற வேலை.

லேபிளைப் படிக்கத் தெரிந்தவரிடம் இந்த வேலை செல்லாது. அமெரிக்கச் சட்டம் பர்பன் வாங்குகிறவருக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு முழுவதும் லேபிளில்தான் இருக்கிறது. பர்பன் என்று அச்சிட வேண்டுமானால் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில் ஊற வேண்டும். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் கீழே பாட்டிலில் அடைக்கக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் ஊறியது. நான்கு வருடத்துக்குக் குறைவாக ஊறியிருந்தால் வயதை எழுதியே ஆக வேண்டும். ஆகவே வயது எதுவும் எழுதாத ஸ்ட்ரெய்ட் பர்பன் நான்கு வருடமாவது ஆனது என்று நம்பலாம். பல பீப்பாய்களைக் கலந்திருந்தால், எழுதியிருக்கும் வயது அவற்றில் ஆக இளையதன் வயது.

இதற்கு மாறாக, 'ஸ்மால் பேட்ச்', 'ரேர்', 'ரிசர்வ்' போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் எந்த அளவுகோலும் இல்லை. அவற்றுக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

விலை குறைவான நல்ல பர்பன் தேடுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் 'பாட்டில்ட் இன் பாண்ட்'. இதன் பின்னால் 1897ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் பச்சைச் சாராயத்தில் சாயமும் வாசனைப் பொருளும் புகையிலையும்கூடக் கலந்து பழைய விஸ்கி என்று விற்றார்கள். கர்னல் இ.எச். டெய்லர் போன்ற வடிசாலைக்காரர்களும் அன்றைய நிதிச் செயலர் ஜான் கார்லைலும் முயன்று கொண்டுவந்த சட்டம் இது. அமெரிக்காவின் ஆரம்பகால நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் வடித்தது, நான்கு வருடமாவது அரசு மேற்பார்வைக் கிடங்கில் ஊறியது, சரியாக 100 புரூஃப், அதாவது 50 சதவீதம். தண்ணீர் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. வடித்த இடம் லேபிளில் இருக்க வேண்டும்.

எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இருபது டாலரை ஒட்டிய விலை. முன்பக்கத்தில் பாட்டில்ட் இன் பாண்ட், 100 புரூஃப். பாட்டிலைத் திருப்பினால் சிறிய எழுத்தில் டி.எஸ்.பி. என்று தொடங்கும் வடிசாலை எண் கிடைக்கும். கென்டக்கி 1 என்றால் அது லூயிவில் நகரில் ஹெவன் ஹில் நிறுவனத்துக்குச் சொந்தமான பெர்ன்ஹைம் வடிசாலை. பார்ட்ஸ்டவுனில் இருந்த தங்கள் வடிசாலை 1996இல் தீக்கிரையானதும், 1999இல் அவர்கள் வாங்கிய இடம். நூற்றைம்பது டாலர் பாட்டில்கள் பலவற்றில் இவ்வளவு தகவல் கிடைக்காது. ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் இன்னொன்று. அதில் ரை தானியத்தின் காரம் தூக்கலாக இருக்கும். வைல்ட் டர்க்கி 101 அந்த முத்திரை இல்லாமலேயே அதே வரிசையில் வைக்கத்தக்கது. வெல்லர் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் கோதுமையின் மென்மை என்றால், மேக்கர்ஸ் மார்க்கும் லார்செனியும் கோதுமை சேர்த்தவையே. இரண்டும் எளிதில் கிடைக்கும்.

யார் வடித்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'டிஸ்டில்ட் பை' என்பது வடித்தவரைக் குறிக்கும். 'பாட்டில்ட் பை', 'புரொடியூஸ்ட் பை' என்றிருந்தால் வேறெங்கோ வடித்ததை வாங்கி அடைத்ததாக இருக்கலாம். அது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. நிறுவனத்தின் முகவரி ஒரு மாநிலம், வடித்தது வேறு மாநிலம் என்றால் வடித்த மாநிலத்தை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது விதி. டெம்பிள்டன் ரை என்ற விஸ்கி ஐயோவாவின் பெருமையாக விற்கப்பட்டது. உண்மையில் அது இண்டியானாவில் வடிக்கப்பட்டது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் சமரசம் ஏற்பட்டு, பாட்டிலுக்கு இத்தனை டாலர் என்று பணம் திருப்பித் தரப்பட்டது, லேபிளும் மாறியது.

இனி விலை. எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் புகார் செய்யலாம் என்று பழகியவர்கள் நாம். அங்கே அப்படி இல்லை. தயாரிப்பாளர் சொல்லும் விலை வெறும் பரிந்துரை. தனியார் கடைகள் உள்ள நியூஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற இடங்களில் கடைக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். வாங்காமல் வெளியே வருவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஆனால் 17 மாநிலங்களில் மது வியாபாரம் ஏதோ ஒரு வகையில் அரசின் பிடியில் இருக்கிறது. வர்ஜீனியா, பென்சில்வேனியா, ஒஹாயோ போன்றவற்றில் அரசு நிர்ணயித்த விலைதான் எங்கும். அரிய பாட்டில்களைக் குலுக்கலில் தருகிறார்கள். அந்த மாநிலத்தில் வசிக்கிறவர்கள் பெயரைப் பதிந்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அரசுக் கடை என்பதாலேயே முறைகேடு இருக்காது என்று நினைக்க வேண்டாம். எந்தக் கடைக்கு அரிய பாட்டில் போகிறது என்ற உள்விவரம் வர்ஜீனியாவில் வெளியே விற்கப்பட்டது. 2022இல் வழக்குத் தொடர்ந்தார்கள். ஓரிகனில் மதுத்துறையின் மூத்த அதிகாரிகளே பாப்பி போன்றவற்றைத் தங்களுக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டது 2023இல் அம்பலமாகி, துறைத் தலைவர் பதவி விலகினார். இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புகார் பெறவும் விசாரிக்கவும் ஓர் அமைப்பு இருந்ததால்தான் வந்தன.

தனியாளிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம். அமெரிக்கத் தபாலில் மது அனுப்பவே கூடாது. தனியார் கூரியர்களும் உரிமம் உள்ள அனுப்புநர்களிடமிருந்து மட்டுமே வாங்கும். "ஆலிவ் எண்ணெய்" என்று எழுதி வரும் பார்சல் வழியில் பிடிபட்டால் கேட்க நாதி இருக்காது. கையில் வந்து சேர்ந்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பாப்பி, பிளான்டன்ஸ் காலி பாட்டில்களைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. காலி பாட்டில் யாருக்கு, எதற்குத் தேவைப்படும் என்று யோசித்தாலே போதும். விலை உயர்ந்த பாட்டில் தீர்ந்ததும் லேபிளைக் கீறிவிட்டு எறியுங்கள். இன்னொருவர் ஏமாறாமல் இருப்பார்.

இணையக் கடைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிடைக்காத பாட்டில் எல்லாமே கையிருப்பில் இருப்பதாகவும், பரிந்துரை விலைக்கே தருவதாகவும் ஒரு தளம் சொன்னால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிம எண்ணும் கடை முகவரியும் இருக்கிறதா, மாநில மதுத்துறையின் பட்டியலில் அந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஸெல், வென்மோ, கிரிப்டோ வழியாகப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். அப்படிப் போன பணம் திரும்புவது அரிது. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை கூட்டாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. மோசடியைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யிடமும் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவிடமும் இணையத்திலேயே பதியலாம். கடையில் வாங்கியது போலி என்று சந்தேகம் வந்தால் மேற்கொண்டு குடிக்காமல், மூடி, உறை, பில் எல்லாவற்றோடும் அப்படியே வைத்து, மாநில மதுத்துறைக்கும் கூட்டாட்சி மதுவரி அமைப்பான டி.டி.பி.க்கும் எழுதுங்கள். அங்கீகரித்த லேபிள்களை டி.டி.பி. பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாங்கியதை அனுபவிக்கப் பெரிய சடங்கு எதுவும் தேவையில்லை. கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டு, முகர்ந்து, ஒரு வாய். பிறகு அரை ஸ்பூன் தண்ணீர் சேர்த்து மறுபடியும். 100 புரூஃப் பர்பனில் காரம் தணிந்து வனிலாவும் கேரமலும் ஓக் மணமும் மேலே வருவதை யாரும் உணரலாம். பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் திறந்த பிறகும் பல மாதம் கெடாது.

அளவு விஷயத்தில் தயங்காமல் சொல்ல வேண்டியது உண்டு. அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 40 சதவீத மதுவில் ஒன்றரை அவுன்ஸ், ஏறத்தாழ 44 மில்லி. பீப்பாயிலிருந்து நேராக அடைத்த 60 சதவீத பர்பனை அதே அளவு ஊற்றினால் ஒன்றல்ல, ஒன்றரை. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பது கூடுதலாகக் குடிப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், யூட்டாவில் 0.05. பிடிபட்டுக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்பே, தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். ஊருக்குப் போய் ஸ்டாம்பிங்குக்கு நிற்கும்போது மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு மாதக்கணக்கில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். திறந்த பாட்டில் காரின் இருக்கைப் பகுதியில் இருப்பதே பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். நண்பர் வீட்டிலிருந்து மிச்சத்தை எடுத்து வந்தால் டிக்கியில் வையுங்கள். ஊருக்குக் கொண்டு வருபவர்களுக்கு இந்தியச் சுங்கம் வரியின்றி அனுமதிப்பது தலைக்கு 2 லிட்டர். 140 புரூஃபைத் தாண்டிய பாட்டிலைப் பெட்டியில் போட்டும் விமானத்தில் ஏற்ற முடியாது.