கண்மாய் நம்ம பொதுக் கணக்கு

சிவகாசி என்றாலே பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க் கண்மாய்களைத் தூர்வாரும் வேலையை, பசுமை மன்றம் என்ற பெயரில் ஊர்க்காரர்களே கூடி எடுத்துச் செய்திருக்கிறார்கள். நம்ம மானாவாரி பூமியில் இது சின்ன விஷயமில்லை. கண்மாயில் தண்ணி நின்றால்தான் சுற்றுக் கிணறுகளில் தண்ணி ஏறும்.

ஆனால் தூர்வாருவது பாதி வேலைதான். வரத்துக்கால் அடைபட்டால் தண்ணி வராது. சாக்கடை கலந்தால் வந்த தண்ணியும் உதவாது. 2021-இல் சிவகாசி மாநகராட்சி ஆகிவிட்டது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கணும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. காய்கறிக் கழிவு உரமாகும். பாலிதீன் வரத்துக்காலை அடைக்கும்.

இதில் நமக்கும் பங்குண்டு. கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம். ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75, புஞ்சை என்றால் 90 கனமீட்டர் வரை. எடுத்த இடத்தில் தண்ணி நிற்கும், போட்ட இடத்தில் ஈரம் நிற்கும். வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், ஒரே முதலுக்கு ரெண்டு வட்டி. சாக்கடை கலக்கும் கண்மாய் என்றால் மட்டும் மண்ணைப் பரிசோதித்த பிறகே எடுங்க. அதனால்தான் ஊர்க் குப்பை நம்ம பிரச்சினையும்கூட.

கோடையிலேயே மனுக் கொடுங்க. ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது.