உழவுக்கு முன் ஒரு நடை

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் இப்போது வயலைவிட வீடுகள்தான் அதிகம். ஆனாலும் கோடைக் காலையில் ஏரிக்கரை, காலி மனைப் பக்கம் நடந்து போனால், எந்த ஊர் விவசாயிக்கும் பயன்படுகிற விஷயம் கண்ணில் படும். சென்னையில் 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் இப்படி நடந்து பார்ப்பதைப் பழக்கமாகவே வைத்திருக்கின்றன. விவசாயிக்குச் சங்கமெல்லாம் வேண்டாம், வரப்பே போதும்.

முதலில் காதில் விழுவது ஆள்காட்டியின் குரல். தலைக்கு மேலே வட்டமடித்து விடாமல் கத்தினால், பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கக்கூடும். இது மரத்தில் கூடு கட்டாது. தரிசில் சிறு பள்ளத்தில், மண் நிறத்தில் கரும்புள்ளியோடு பெரும்பாலும் 4 முட்டை இடும். அடைகாக்க ஏறத்தாழ 4 வாரம் ஆகும். கோடை உழவும் அதே நாட்களில்தான் வருகிறது; டிராக்டரில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு அந்த முட்டை தெரியாது. முதல் நாளே நடந்து பார்த்து, சற்றுத் தள்ளிக் குச்சி நட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழலாம். பொரித்த குஞ்சுகள் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். பிறகு அந்தத் துண்டையும் உழுதுகொள்ளலாம். வண்டு, கறையான் போன்ற பூச்சிகள்தான் ஆள்காட்டிக்குத் தீனி.

ஏர் பின்னாலேயே வரும் உண்ணிக்கொக்கும் மைனாவும் இரட்டைவால் குருவியும், புரண்டு வரும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பொறுக்கிவிடும்.

வரப்பு எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருந்தால் பதற வேண்டாம். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு; எருக்கும் அதன் இனச் செடிகளும்தான் தின்னும், நெல் பக்கம் வராது. அதே எருக்கம்பூவுக்கு வரும் பெரிய கருவண்டு போன்ற தச்சுத் தேனீ, துவரைப் பூவிலும் மகரந்தம் சேர்க்கிறது. துவரை போடப் போகிறவர்கள், வரப்பில் களைக்கொல்லி தெளிக்கும்போது எருக்கை விட்டுவிடலாம்.