உங்க சைக்கிள் எண் என்ன?



நம்ம பள்ளிக்கூடத்துல நிறைய பேர் சைக்கிள்லதான் வர்றோம். சைக்கிள் நிறுத்துற வேப்பமரத்தடியில தினமும் ஒரு சண்டை நடக்கும். ஒருத்தன், "நான் ஒரே நாள்ல 60 கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன்" என்பான். இன்னொருத்தி, "நான் மூணு வருஷமா ஒரு நாள் விடாம ஓட்டுறேன்" என்பாள். இவங்கள்ல யார் பெரிய ஆள்? ஒரு நாள் தூரத்தை மட்டும் பார்த்தால் அவன். நாட்களை மட்டும் எண்ணினால் அவள். ரெண்டையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல ஒரு கணக்கு இருக்கு. அதன் பெயர் எடிங்டன் எண். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த எடிங்டன்?

ஆர்தர் எடிங்டன் இங்கிலாந்து நாட்டு வானியல் அறிஞர். 1882-ல் பிறந்து 1944-ல் இறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதைப் படம் எடுக்க ஆப்பிரிக்கா பக்கத்திலுள்ள பிரின்சிப்பி தீவுக்குப் போனார். சூரியன் ஓரமாக வரும் நட்சத்திர ஒளி வளையும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதைச் சோதிக்கத்தான் இந்தப் பயணம்.

இவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கு சைக்கிள் என்றால் உயிர். லீவு விட்டால் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் ஊராகக் கிளம்பிடுவார். ஓட்டின தூரத்தைக் கணக்கு வைத்து, தனக்கென்று ஒரு எண்ணையும் வைத்திருந்தார்.

கணக்கு இதுதான்

எத்தனை கிலோமீட்டரோ அத்தனை நாள். அவ்வளவுதான் விதி. 5 நாள், ஒவ்வொரு நாளும் 5 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டியிருந்தால் உங்க எண் 5. அது 20 ஆகணும்னா 20 நாள், ஒவ்வொரு நாளும் 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டியிருக்கணும். அந்த நாட்கள் அடுத்தடுத்து வரணும்னு இல்லை. வாழ்நாளில் எப்போது ஓட்டினாலும் சேரும்.

நான் நோட்டில் எழுதி வைத்த முதல் 10 நாள் கணக்கைப் பாருங்க. பள்ளிக்கூடம் போய் வர எனக்கு 6 கிலோமீட்டர்.

6, 6, 9, 6, 8, 10, 14, 6, 7, 6

இதைப் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வரிசையாக எழுதணும்.

1-வது: 14
2-வது: 10
3-வது: 9
4-வது: 8
5-வது: 7
6-வது: 6
7-வது: 6
8-வது: 6
9-வது: 6
10-வது: 6

மேலே இருந்து இறங்கி வாங்க. வரிசை எண்ணைவிடக் கிலோமீட்டர் குறையாமல் இருக்கிற கடைசி இடம் எது? 6-வது இடம். 7-வது இடத்துக்கு வந்தால் 7 வேணும், ஆனால் இருப்பது 6. அதனால் என் எண் 6.

இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கு. என் எண் 7 ஆகணும்னா 7 கிலோமீட்டருக்குக் குறையாத நாள் ஏழு வேணும். என்னிடம் இருப்பது ஐந்து (14, 10, 9, 8, 7). இன்னும் ரெண்டு நாள் வேணும். இனிமேல் நான் நூறு நாள் பள்ளிக்கூடம் வந்து போனாலும் எண் 6-லேயே நிற்கும். ஏன்னா அது 6 கிலோமீட்டர்தான். நேற்று வரை கணக்கில் இருந்த தூரம் அடுத்த படிக்கு உதவாது. படி ஏற ஏறப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகும்.

60 கிலோமீட்டர்க்காரனும் எங்க அக்காவும்

இப்போது வேப்பமரத்தடிக்கு வருவோம். ஒரே நாளில் 60 கிலோமீட்டர் ஓட்டினவன் மற்ற நாளில் சைக்கிளே தொடலைன்னா அவன் எண் 1. ஆமா, வெறும் ஒண்ணு! ஏன்னா நாள் ஒண்ணுதானே இருக்கு.

அடுத்து எங்க அக்கா. எங்க ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கு. அக்கா பதினொண்ணாவதும் பன்னிரண்டாவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் படிச்சா. பதினொண்ணாவதில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில்தான் போய் வந்தா. போக 7, வர 7, மொத்தம் 14 கிலோமீட்டர். ரெண்டு வருஷத்தில் 400 நாள் என்று வைத்தால் 5,600 கிலோமீட்டர். ஆனால் அவள் எண் 14!

நான் இதைச் சொன்னதும் அக்கா, "அடியே, அவ்வளவு மிதிச்சும் 14தானா?" என்று கேட்டா. கணக்கு அப்படித்தான் வருது. 14 கிலோமீட்டர் 14 நாள் ஆனதுமே எண் 14 ஆகிவிட்டது. மீதி 386 நாளும் அதைக் கூட்டலை. 15 ஆகணும்னா 15 நாள் 15 கிலோமீட்டர் வேணும். தினமும் ஒரே ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டியிருந்தால் முதல் மாதத்திலேயே 15 ஆகியிருக்கும்.

இப்போது அக்கா மில் வேலைக்குப் போறா. மில் வேன் வாசலுக்கே வந்திடும். சைக்கிள் எனக்கு வந்திட்டது. பன்னிரண்டாவது முடிச்ச பிறகு அவள் சைக்கிள் ஓட்டவே இல்லை. எண் 15 ஆக்கணும்னு அவளுக்கு ஆசை வந்திட்டது. ஆனால் அம்மாச்சி, "கல்யாணம் பண்ற வயசுல என்னடி சைக்கிளு? பார்க்கிறவக என்ன சொல்லுவாக?" என்று தடுத்தாங்க.

அப்போது நான் அம்மாச்சிக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்கிறதோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தாங்க. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிய ஆதரவு. வயல் வேலைக்குப் போறவங்க, கல் குவாரியில் வேலை பார்க்கிறவங்க, கல்யாணம் ஆனவங்க, குழந்தை பெத்தவங்க என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டினாங்க. தண்ணி எடுக்க, சாமான் வாங்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தாங்க. கதையைக் கேட்ட அம்மாச்சி, "சரி, விடிஞ்ச பொறவு போயிட்டு வெயிலுக்கு முன்னால வந்திரணும்" என்று மட்டும் சொன்னாங்க.

அக்காவுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் அக்காவுக்கு, மற்ற நாள் எனக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தேரடி வரை கூடுதலாக ஓட்டிவிட்டு வந்தால் 15-க்கு மேல் ஆகிவிடும். ஏழு ஞாயிறு முடிஞ்சிருக்கு. இன்னும் எட்டு இருக்கு.

நம்ம ஊர் விஞ்ஞானிக்கு வந்த கடிதம்

எடிங்டனின் சைக்கிள் எண் உலகத்துக்குத் தெரிய ஒரு தமிழர்தான் காரணம் என்றால் நம்புவீங்களா? அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி.ராமனுடைய அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல், 19 வயதில், கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனவர். எரிந்து முடிந்த நட்சத்திரம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை உள்ளதாக இருந்தால் அது வெண்குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது என்று கண்டுபிடித்தவர். இதை 1935 ஜனவரி 11 அன்று லண்டன் கூட்டத்தில் சொன்னார். அவருக்கு அடுத்துப் பேசிய எடிங்டன், எல்லார் முன்னாலும் அதைக் கேலி செய்து மறுத்தார். அப்போது சந்திரசேகருக்கு வயது 24. பிற்காலத்தில் சந்திரசேகர் சொன்னதுதான் சரி என்று ஆனது. 1983-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அவ்வளவு பெரிய கருத்து வேறுபாடு இருந்தும் ரெண்டு பேரும் பேச்சை முறிக்கலை. சந்திரசேகர் அமெரிக்கா போன பிறகும் எடிங்டன் அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் தன் சைக்கிள் எண்ணையும் எழுதுவார். சந்திரசேகர் எடிங்டனைப் பற்றி எழுதி 1983-ல் வந்த புத்தகத்தில் இந்த விவரங்கள் இருக்கு.

1938-ல் எடிங்டனின் எண் 75. அவர் கணக்கு மைலில். அந்த ஈஸ்டர் லீவில் ரெண்டு தடவை 74¾ மைல் ஓட்டினாராம். ஆனால் அவை கணக்கில் சேராது என்று எழுதினார். கால் மைல் என்பது சுமார் 400 மீட்டர். நம்ம விளையாட்டுத் திடலை ஒரு தடவை சுற்றுகிற தூரம் மாதிரிதான். அவர் 75 என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? நடுவர் இல்லை, பரிசு இல்லை, பார்க்கிறவங்க இல்லை. இருந்தும் முக்கால் மைலை முழு மைல் ஆக்கலை. இந்த எண்ணில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

1943-ல் அவர் எண் 77. ஐந்து வருஷத்தில் ரெண்டே படி! அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்தது. ராத்திரி தங்க இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாததால் 1940-க்குப் பிறகு சைக்கிள் சுற்றுலாவே போக முடியலை. இருந்தும் 60 வயதில் ஒரே நாளில் 80 மைல் ஓட்டித்தான் அந்தக் கடைசிப் படியை ஏறினார்.

77 மைல் என்றால் சுமார் 124 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர். ஒரே நாளில் ஐந்து தடவை போய் வந்து, அதற்கு மேல் 4 கிலோமீட்டர் ஓட்டணும். அப்படி 77 நாள்!

மைலா, கிலோமீட்டரா?

எடிங்டன் எண்ணை 1.6-ஆல் பெருக்கினால் நம்ம எண் வந்திடுமா என்று எங்க வகுப்பில் ஒருத்தி கேட்டாள். வராது. 10 நாள் 10 மைல் ஓட்டினவர் எண் 10. அதையே கிலோமீட்டரில் பார்த்தால் தினமும் 16 கிலோமீட்டர். ஆனால் நாள் 10-தானே? அதனால் எண் அப்போதும் 10-தான். தூரம் மாறும், நாள் மாறாது. எந்த அளவில் ஆரம்பிக்கிறோமோ அதிலேயே கடைசி வரை போகணும்.

தூரத்தை அளப்பது எப்படி?

மீட்டர் மாட்டின சைக்கிள் வேண்டாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. சிமெண்ட் தரையில் அந்தக் கோடு படுகிற இடத்திலும் ஒரு கோடு. சைக்கிளை நேராக உருட்டி, டயர் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் இருக்கிற தூரம்தான் சக்கரத்தின் சுற்றளவு. டேப் வைத்து அளந்ததில் எனக்கு 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் வந்தது. சக்கரத்தின் விட்டம் 66 சென்டிமீட்டர். அதை 22/7-ஆல் பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே விடை வரும்! அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 483 சுற்று. வால்வு மேலே வருவதை எண்ணிக்கிட்டே தெருத் தூரத்தை அளந்திடலாம். மெயின் ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாலே போதும். லாரியும் பஸ்ஸும் போகிற ரோட்டில் யாரும் சக்கரத்தைக் குனிந்து பார்த்து எண்ண வேண்டாம்!

நாங்க வைத்திருக்கும் விதிகள்

1. ஒரு நாளில் எத்தனை தடவை ஓட்டினாலும் அன்றைய மொத்தத்தைக் கூட்டி ஒரு நாளாக எழுதணும்.
2. டபுள்ஸ் போனால் மிதிச்சவருக்கு மட்டும்தான் கணக்கு. கேரியரில் உட்கார்ந்தவருக்குக் கிடையாது.
3. பஞ்சர் ஆகித் தள்ளிக்கிட்டு வந்த தூரம் சேராது.
4. அன்றன்றைக்கே நோட்டில் எழுதணும். ஞாபகத்தில் வைத்து எழுதினால் தூரம் தானாகக் கூடிவிடும்!

சைக்கிள் இல்லாதவர்களுக்கு

சைக்கிள் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நூலகப் புத்தகத்துக்கும் இதே கணக்குத்தான். 20 நாள், ஒவ்வொரு நாளும் 20 பக்கம் படித்தால் உங்க வாசிப்பு எண் 20. ஸ்கிப்பிங்குக்கும் போடலாம். விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அளக்க 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதே மாதிரி ஒரு எண்ணைச் சொன்னார். 10 கட்டுரைகள், ஒவ்வொன்றையும் குறைந்தது 10 கட்டுரைகளில் மற்றவர்கள் எடுத்துக் காட்டியிருந்தால் அவர் எண் 10. சைக்கிள் கணக்கும் விஞ்ஞானிக் கணக்கும் ஒண்ணாகிவிட்டது பார்த்தீங்களா?

ஒரு நாள் வேகம் இருந்தால் இந்த எண் கூடாது. தினமும் ஒரே தூரம் போனாலும் ஒரு இடத்தில் நின்றுவிடும். தொடர்ந்து ஓட்டணும், அதே சமயம் கொஞ்சம் கூடவும் ஓட்டணும். படிப்புக்கும் இது பொருந்தும் என்று கணக்கு டீச்சர் சொன்னாங்க.

இன்று என் எண் 9. உங்க எண்ணைக் கணக்குப் போட்டு இந்தத் தாளின் கீழே இருக்கிற காலி இடத்தில் எழுதுங்க. ஆசிரியர்களும் எழுதலாம்!

யோசித்துச் சொல்லுங்க: ஒருவர் 8 நாளில் ஓட்டின கிலோமீட்டர் 20, 5, 12, 5, 8, 4, 15, 5. அவர் எண் என்ன? அடுத்த படி ஏற இன்னும் எத்தனை நாள், குறைந்தது எத்தனை கிலோமீட்டர் ஓட்டணும்? விடை அடுத்த தாளில்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி