நிரல் எழுதுதலும் மென்பொருள் ஆக்குதலும்

வீட்டில் நால்வருக்குச் சமைப்பதும் கலியாணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைப்பதும் ஒன்றாகா. நால்வருக்குச் சமைப்பவர் உப்பையும் புளியையும் கைக்கணக்கில் இட்டுவிடலாம். மறந்ததை இடையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பேர் பந்திக்கோ, எத்தனை பேர் வருவர் என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். சாமான் பட்டியல் எழுதுதல் வேண்டும். வேலையைப் பலருக்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். இலையில் பரிமாறுமுன் ருசி பார்த்தல் வேண்டும். மாணவ நண்பர்களே! தனியொருவர் நிரல் எழுதுவதற்கும் பலர் கூடி மென்பொருள் ஆக்குவதற்கும் உள்ள வேற்றுமை இத்தகையதே.

கணிப்பொறி இயல் பயிலும் மாணவர் முதலில் சிறு நிரல்கள் எழுதக் கற்கின்றனர். அவற்றை எழுதுபவரும் அவரே, பயன்படுத்துபவரும் அவரே. மதிப்பெண் கிடைத்ததும் அந்நிரல்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது. பின்னர் மென்பொருள் பொறியியல் என்னும் பாடம் வருகிறது. தேவைகளை ஆராய்தல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், பராமரித்தல் என்று அது படிப்படியாகப் பேசுகிறது. இவற்றை மனனம் செய்து தேர்வில் ஒப்பித்தால் போதும், மெய்யான வேலை நிரல் எழுதுவதே என மாணவர் பலர் எண்ணுகின்றனர். இப்பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் இதனை நான் நன்கறிவேன். அவ்வெண்ணம் பொருந்தாது என்று காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

இத்துறைக்கு இப்பெயரை நிலைபெறச் செய்தது, 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியற் குழு கூட்டிய மாநாடு. அக்காலத்தில் கணிப்பொறிகளின் ஆற்றல் விரைந்து பெருகிற்று, நிரல்களும் பெருத்தன. ஆனால் குறித்த நாளில் வேலை முடியவில்லை; செலவு மதிப்பீட்டை மிஞ்சியது; பிழைகள் மலிந்தன. பாலம் கட்டுவோரிடம் காணப்படும் ஒழுங்கு இங்கும் வேண்டும் என்ற கவலையிலே பிறந்தது இத்துறை. ஆதலின் இதன் முறைகளை வெறும் சடங்குகளாகக் கொள்ளுதல் கூடாது. அவற்றின் பயனை ஓர் இழப்பைக் கொண்டே விளக்குவேன்.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பிற்று. ஏறக்குறைய 40 வினாடிகளில் அது பாதை பிறழ்ந்து வெடித்துச் சிதறியது. அது சுமந்து சென்ற நான்கு ஆய்வுக் கலங்களும் அழிந்தன. எரிபொருளோ எந்திரமோ இதற்குக் காரணமன்று. ராக்கெட்டின் நிலையையும் திசையையும் கணித்துக் கூறும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. அதில் ஓர் எண்ணை 16 பிட் அளவுள்ள இடத்துக்கு மாற்றும் கட்டளை இருந்தது. அவ்விடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அவ்வரம்பைத் தாண்ட வழியில்லை. புதியதன் கிடைமட்ட வேகம் மிகுதியாதலின் எண் வரம்பைத் தாண்டிற்று, கருவி நின்றுவிட்டது. துணைக்கு வைத்திருந்த மற்றொரு கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்தமையால், அதற்கும் அதே கதி நேர்ந்தது. இதில் மிக வியப்பானது யாதெனில், அந்தக் கணக்கீடு ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பின்னர் எதற்கும் தேவைப்படாத ஒன்று!

நிரல் எழுதியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கணித அறிஞர் லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தால் குறை எங்கே என்பது விளங்கும். புதிய ராக்கெட்டின் பாதை விவரம் அக்கருவிக்குரிய தேவைக் குறிப்பில் இடம்பெறவில்லை. அந்த எண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று முன்னரே ஆராய்ந்து முடிவு செய்திருந்தனர். எனினும் அம்முடிவின் காரணம் நிரலிலேயே தெரியும்படி குறிக்கப்படவில்லை. புதிய பாதையின் எண்களைத் தந்து கருவி சோதிக்கப்படவுமில்லை. சோதித்திருந்தால் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும். தேவை ஆராய்ச்சி, ஆவணம், சோதனை என்று பாடநூலில் வறண்டு கிடக்கும் மூன்று தலைப்புகளும் இங்கே உயிர்பெற்று எழுவதைக் காணலாம்.

படிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் அருவி முறைக்கு, 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையை மூலமாகக் காட்டுவது வழக்கம். ஒரே முறை இறங்கிச் செல்வது ஆபத்தானது என்று அவரே அதில் எச்சரித்திருக்கிறார். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, சிறு சிறு பகுதிகளாக ஆக்கிப் பயனரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் முறையை அறிக்கையாக வெளியிட்டனர். பிழையைச் செலவு குறைவாக இருக்கும்போதே கண்டுகொள்வது எவ்வாறு என்பதே இரண்டுக்கும் பொதுவான வினா.

அவ்வினாவைக் குழுவாகச் செய்யும் திட்டப்பணியிலேதான் உணர முடியும். ஐவர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் உண்டு. பதின்மர் ஆயின் அவை 45 ஆகும். ஐ.பி.எம். நிறுவனத்தில் மாபெரும் மென்பொருள் பணியை நடத்திப் பின்னர் பேராசிரியராக விளங்கிய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான பணிக்கு மேலும் ஆள் சேர்த்தால் தாமதமே மிகும் என்று 1975இல் தம் நூலில் எடுத்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, நண்பர்களே! உங்கள் திட்டப்பணிக்கு மெய்யான பயனர் ஒருவரைத் தேடுங்கள். கல்லூரி நூலகரிடம் சென்று, நூல் வழங்குவதில் அவருக்குள்ள தொல்லை யாது என்று கேளுங்கள். ஒவ்வொரு முடிவையும் அதன் காரணத்தோடு எழுதிவையுங்கள். பருவத்தின் நடுவில் உங்கள் நிரலை மற்றொரு குழுவினரிடம் கொடுத்து, புதிய வசதியொன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு கேள்வியும் கேளாமல் அவர்கள் அதைச் செய்து முடித்தார்களானால், நீங்கள் மென்பொருள் பொறியியலைக் கற்றுவிட்டீர்கள் என்று துணிந்து கூறலாம்.